தேத்தண்ணி ஆற முந்தி

கேள்வி: எனக்கு 41 வயது. கிளிநொச்சிப் பக்கம், ஒரு குளத்துக்குக் கீழ உள்ள கிராமத்தில இருக்கிறம். மேசன் வேலைக்குப் போன இவர் உயரத்தில இருந்து விழுந்து கால் முறிஞ்சு, பிளாஸ்ரரோட கட்டிலில கிடக்கிறார். ஆறு கிழமை எண்டு சொன்னவை, இது மூண்டாவது கிழமை. மாமிக்குச் சீனி வருத்தம். நான் காலமை 4 மணிக்கு எழும்பிச் சமைச்சு வைச்சிட்டு, 6 மணி பஸ்ஸில ஆடைத் தொழிற்சாலைக்குப் போறனான். மகளுக்கு 14, மகனுக்கு 9. புதன்கிழமையில லோன்காரர் வருவார். இது வைகாசி வேற, அண்ணாவை 2009இல பறிகுடுத்த நாள். சின்னச் சின்ன விசயத்தில சந்தோசத்தைத் தேடு எண்டு எல்லாரும் சொல்லுகினம். ஊத்தின தேத்தண்ணியையே நான் ஆறிப்போனாப் பிறகுதான் குடிக்கிறன். காசும் இல்லை, நேரமும் இல்லை, தேடுற மனமும் இல்லை. இந்த நேரத்தில சிரிச்சாலும் பிழை செய்த மாதிரிக் கிடக்கு. இந்தக் கிழமையை எப்பிடிக் கடக்கிறது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட அந்த ஆறின தேத்தண்ணிதான் நெஞ்சில் நின்றது. நாலு மணிக்கு எழும்பி ஆறு பேரின் வேலையை ஒற்றை ஆளாகச் செய்கிற ஒருவருக்கு, தன் கையால் ஊற்றிய தேத்தண்ணியைச் சூடாகக் குடிக்க முடியவில்லை. அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில், "தேடு" என்று உங்களுக்குச் சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் களைத்த மனம் எதையும் தேடாது. "மனம் வரட்டும், பிறகு செய்வம்" என்று நாங்கள் இருக்கிறோம். நல்ல காலத்தில் அது சரிவரும். கெட்ட கிழமையில் ஒழுங்கு மாறிவிடுகிறது. செயல் முன்னே போகவேண்டும், மனம் பிந்தித்தான் வரும். 1970களில் அமெரிக்க உளவியலாளர் பீற்றர் லூயின்சன் மனச்சோர்வை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். மனம் சோரும்போது பிடித்தவற்றைச் செய்வது குறைகிறது. செய்யாததால் மனதுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. கிடைக்காததால் இன்னும் சோர்கிறது. இந்தச் சுற்றை அறுக்க மனதோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. ஒரு சின்னச் செயலை, மனம் வராவிட்டாலும், குறித்த நேரத்தில் கொண்டுவந்து வைத்தால் போதும். இன்றைக்கும் மனச்சோர்வுச் சிகிச்சையில் இது ஒரு முக்கியமான வழி.

ஆகவே சந்தோசத்தைத் தேடவேண்டாம். நேரம் குறித்து, இடம் குறித்து வையுங்கள். உங்கள் நாளில் அதற்கு மூன்று இடம் தெரிகிறது: காலைத் தேத்தண்ணி, பஸ், பின்னேரக் குளிப்பு.

தேத்தண்ணி ஏன் ஆறுகிறது? அநேகமாக, வேலைக்கு நடுவில் ஊற்றுகிறீர்கள். அடுப்பில் கறி கொதிக்கும்போதே ஊற்றி வைத்துவிட்டு, மகனை எழுப்பப் போய், மாமிக்கு மருந்து கொடுத்து, சோறு கட்டித் திரும்பி வரும்போது அது பச்சைத்தண்ணி. சில்வர் பேணியில் ஊற்றினால் இன்னும் கெதியாக ஆறும். முதலில் உதட்டைச் சுடும், பிறகு சட்டென்று சூடு இறங்கிவிடும். தடித்த பீங்கான் கோப்பையை எடுங்கள், மேலே ஒரு சோசரால் மூடுங்கள். இதைவிட முக்கியம், சாப்பாட்டுப் பாசல்களைக் கட்டி முடித்து, பையைப் படலையடியில் வைத்த பிறகுதான் தண்ணீரைக் கொதிக்க வைக்கவேண்டும். வேலை எல்லாம் முடிந்த பிறகு ஊற்றுகிற தேத்தண்ணிக்குத்தான் நீங்கள் சொந்தக்காரி. ஒரு கரண்டி தேயிலை, கொதிதண்ணி, மூன்று நிமிடம் மூடி வடியுங்கள். ஒரு துண்டு பனங்கட்டி இருந்தால் கடித்துக் குடிக்கலாம். (மாமிக்கு வேண்டாம். பனங்கட்டி சீனியைவிட நல்லது என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் அதுவும் இரத்தத்தில் சீனியைக் கூட்டும்.)

குடிக்கிற இடம் அடுப்படியாக இருக்கக்கூடாது. அங்கே கண் போகிற பக்கமெல்லாம் வேலை தெரியும். பின்படியில் அல்லது முற்றத்து வேம்படியில், ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் கதிரையைப் போடுங்கள். போன் வீட்டுக்குள்ளேயே கிடக்கட்டும். கோப்பையை இரண்டு கையாலும் பிடியுங்கள். முதலில் மணம், பிறகு ஒரு வாய், விழுங்குமுன் நாக்கில் கொஞ்சம் வைத்திருங்கள். காதில் விழும் மூன்று சத்தங்களைப் பிரித்துப் பாருங்கள்: செண்பகம், அயல்வீட்டுக் கிணற்று மோட்டர், வேம்பில் காற்று. ஏழு நிமிடம் போதும். 5.40க்கு இருந்தால் 5.47க்கு எழும்பலாம். இந்த மாதத்தில் அந்த நேரம் கிழக்கு வெளித்து வருகிற நேரம், முகத்தில் வெயில் படாது.

அந்த ஏழு நிமிடத்துக்குள் கடனும் காலும் புதன்கிழமையும் ஐந்தாறு தரம் வந்து நிற்கும். வரத்தான் செய்யும். விரட்டவேண்டாம். "கடன்" என்று மனதுக்குள் ஒரு சொல் சொல்லிவிட்டு நாக்குக்குத் திரும்புங்கள். திரும்புவதுதான் பயிற்சி. யோசனை வந்ததால் இன்றைக்குச் சரிவரவில்லை என்று பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

இனி ஒரு சின்னக் கணக்கு. சுவரில் நாட்காட்டி இருந்தால், நேற்றுக் கிழித்த தாளை எறியாமல் எடுங்கள். அதன் பின்பக்கத்தில், தேத்தண்ணிக்கு இருக்குமுன், "இது எனக்கு எவ்வளவு இதமாக இருக்கும்?" என்று 0 முதல் 10 வரை ஓர் எண் எழுதுங்கள். குடித்து முடிய, உண்மையில் எவ்வளவு இருந்தது என்று இன்னோர் எண். சோர்ந்த மனம் வரப்போகும் இதத்தைக் குறைத்து மதிக்கும். "என்ன பெரிசா இருக்கப்போகுது" என்று அது 1 போடும், குடித்தபின் 3 வரும். அந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை உங்கள் கையெழுத்தில் நீங்களே பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன். நாலைந்து தாள் சேர்ந்தபின், மனம் "வேண்டாம்" என்னும்போது அதன் பேச்சை அப்படியே நம்பவேண்டியதில்லை என்பது உங்களுக்கே விளங்கும். 8, 9 எதிர்பார்க்கவேண்டாம். இப்படியான கிழமையில் 3 நல்ல எண்.

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. போனைப் பார்த்துக்கொண்டு போனால் இறங்கும்போது கூடுதலாகக் களைத்திருப்பீர்கள், ஏனென்றால் ரிக்ரொக்கும் வட்ஸ்அப்பும் கண்ணுக்கு ஆறுதல் தருவதில்லை, மற்றவர் வீட்டுக் கல்யாணத்தையும் கார்களையும்தான் காட்டும். யன்னல் கிடைத்தால் வெளியே பாருங்கள். சிறுபோகம் விதைத்த வயலில் எத்தனை மயில் நிற்கிறது என்று எண்ணுங்கள். பூத்த கொன்றை எங்கெங்கே நிற்கிறது என்று பாருங்கள். யன்னல் கிடைக்காத நாளில், பக்கத்தில் நிற்பவரோடு வேலையையும் கடனையும் தவிர்த்து வேறு ஏதாவது ஒன்று கதையுங்கள். பாலைப்பழக் காலம் இது, அதைப் பற்றியே கதைக்கலாம்.

பாலைப்பழம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். இந்தப் பருவத்தில் ஏ9 வீதியோரம் அதை விற்பார்கள், காட்டோரமாக இருந்தால் பிள்ளைகளே பொறுக்கிவருவார்கள். அந்தப் பால் உதட்டில் ஒட்டினால் இலேசில் போகாது. சாப்பிட முந்தி உதட்டில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவவேண்டும். வெள்ளி பின்னேரம், வீட்டில் எல்லோரும் கணவரின் கட்டிலைச் சுற்றி இருந்து, ஒரு சுண்டு பழத்தை நடுவில் வைத்து, எண்ணெய் பூசிய உதட்டோடு சாப்பிடுங்கள். கால் மணித்தியாலம் போதும். காசு போட்டுச் செய்கிற எதையும்விட அந்த 14 வயதுப் பிள்ளைக்கு அது நெடுநாள் நிற்கும்.

மூன்றாவது, குளிப்பு. தண்ணீர் திறந்துவிட்டிருந்தால் வயலுக்குப் போகிற சின்ன வாய்க்காலில், மகளையும் ஓர் அயலட்டைப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டு, பொழுதுபட முந்தி இறங்குங்கள். இடுப்பளவு தண்ணீரில் கால் நீட்டி இருந்து, கழுத்தடியிலும் தோளிலும் அள்ளி ஊற்றுங்கள். நாள் முழுக்கக் குனிந்து தைத்த தோளுக்கு ஓடுகிற தண்ணீர் நல்ல மருந்து. துருசடியில் (குளத்துத் தண்ணீர் வெளியே வரும் மதகடியில்) இறங்கவேண்டாம், இழுவை கூட. குளத்துக்குள்ளும் வேண்டாம், முதலை இருக்கலாம். மகனும் வந்தால் அவனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். வாய்க்காலில் தண்ணீர் இல்லாத நாளில் கிணற்றடி போதும். ஆனால் அவசரமாக நாலு வாளி அள்ளி ஊற்றாமல், முதல் மூன்று வாளியைத் தலையில் ஆறுதலாக ஊற்றுங்கள். நாளையச் சமையல் கணக்கை அந்த மூன்று வாளி முடியும்வரை தள்ளிவையுங்கள்.

இவை மூன்றும் உடம்புக்கு இதமானவை. அது மட்டும் போதாது. ஒரு மனிதருக்கு "நான் ஒன்றைச் செய்து முடித்தேன்" என்ற நிறைவும் வேண்டும், ஆளோடு ஆள் சேர்ந்திருக்கும் இதமும் வேண்டும். இங்கேதான் உங்கள் கணவர் வருகிறார். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. மேசன் வேலை செய்த கை மூன்று கிழமையாகச் சும்மா கிடக்கிறது. அவருடைய முகம் கறுத்திருந்தால், நீங்கள் வீட்டுக்குள் கொண்டுவருகிற எந்தச் சந்தோசமும் படலையோடு நின்றுவிடும். அவருக்கு ஒரு பொறுப்புக் கொடுங்கள்.

அயலில் எவரிடமாவது மல்லிகைக் கொப்பு ஒன்று கேளுங்கள். பென்சில் தடிப்பில், சாண் நீளத்தில், நாலு கணு இருக்கும்படி, கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டவேண்டும். கீழ் இரண்டு கணுவிலும் இலைகளை எடுத்துவிட்டு, அந்த இரண்டும் மண்ணுக்குள் போகும்படி நடவேண்டும். பழைய பால்மா ரின்னின் அடியில் ஆணியால் நாலைந்து துளை போட்டு, பாதி மணலும் பாதி வளவு மண்ணும் கலந்து நிரப்புங்கள். இரண்டு மூன்று கொப்பு நட்டால் ஒன்றாவது பிடிக்கும். இப்போது சோளகக் காற்று அடிக்கத் தொடங்குகிற காலம், வெயிலில் வைத்தால் இரண்டு நாளில் கருகிவிடும். தண்ணீர் கூடினால் அடி அழுகும். ஆகவே அவருடைய கட்டிலடி யன்னலில், நிழலில் இருக்கட்டும். காலையில் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அரைக் கோப்பை தண்ணீர் விடுவது அவர் வேலை. வேர் பிடிக்க நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதற்குள் பிளாஸ்ரரும் வெட்டியிருக்கும். இழுத்துப் பார்க்கவேண்டாம் என்று மகனுக்கு மட்டும் சொல்லி வையுங்கள், வேர் விட்டிருக்கிறதா என்று பார்க்கப் பிள்ளைகள் இழுப்பார்கள்.

முருங்கை இலை உருவுவது, வெங்காயம் உரிப்பது, மகனுக்கு வாய்ப்பாடு கேட்பது எல்லாம் கட்டிலில் இருந்தே செய்யலாம். "நீங்க கிடவுங்கோ, நான் பாக்கிறன்" என்று அவரிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிவைப்பது அன்புதான், ஆனால் அது இருவரையும் வருத்தும். அவர் உருவிய முருங்கை இலை உங்களுக்குக் காலையில் பத்து நிமிடம் தரும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் தேத்தண்ணி இருக்கிறது.

புதன்கிழமைக்கு வருவோம். லோன்காரர் வருமுன் எதையும் இரசிக்க மனம் விடாது. அன்று காலைத் தேத்தண்ணியில் 0 வந்தால் அதை எழுதிவிட்டுப் போங்கள். புதன்கிழமை நல்லதை அவர் போனபின் வையுங்கள், அதுவும் முதல்நாளே முடிவு செய்து வையுங்கள். அவர் போனதும் முகம் கழுவி, அயல் அக்காவோடு குளக்கட்டில் இருபது நிமிடம் நடக்கலாம், கையில் கொஞ்சம் வறுத்த கச்சான் இருந்தால் நல்லது. முதல்நாளே அந்த அக்காவிடம் சொல்லி வைத்தால், நீங்கள் மறந்தாலும் அவர் படலையடியில் வந்து கூப்பிடுவார். தனியே எடுத்த முடிவு கெட்ட நாளில் நிற்காது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தேத்தண்ணி கடனைக் கட்டாது. கடனுக்கு அதற்கென்று ஒரு நேரம் வேண்டும்: திங்கள் இரவு அரை மணித்தியாலம், கணவரோடு, ஒரு கொப்பியில். யாருக்கு எவ்வளவு, எத்தனை தவணை மிச்சம், இந்த மூன்று கிழமையும் எவ்வளவு கட்ட இயலும். தவணை தவறியபின் கதைப்பதைவிட, தவற முந்தி மருத்துவத் துண்டோடு போய்த் தவணையைக் குறைத்து நீட்டித்தரக் கேட்பது நல்லது. ஒரு லோனை அடைக்க இன்னொரு லோன் எடுக்கவேண்டாம், வன்னியில் எத்தனையோ குடும்பங்களை அது குழிக்குள் தள்ளியிருக்கிறது. கணவர் ஒரு கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்யும்போது விழுந்தவர் என்றால், வேலையில் காயப்பட்டவர் நட்டஈடு கோருவதற்கான சட்டம் இலங்கையில் 1934இலிருந்து இருக்கிறது. தொழில் திணைக்கள அலுவலகத்தில் விசாரியுங்கள், வைத்தியசாலைத் துண்டுகளைக் கவனமாக வையுங்கள். திங்களுக்கு இப்படி ஒரு நேரம் இருந்தால், செவ்வாய்க் காலை கடன் யோசனை வரும்போது "உனக்குத் திங்கள்" என்று சொல்லலாம்.

இனி அண்ணாவைப் பற்றி. இதை மெதுவாகத்தான் சொல்லவேண்டும். சிரித்தால் பிழை செய்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வைகாசியில் வன்னியில் எத்தனையோ வீடுகளில் இதே நினைப்பு இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. துயரத்தை ஆராய்ந்த மார்கிறெற் ஸ்ரோபே, ஹெங்க் ஸ்கட் இருவரும் 1999இல் எழுதியது இங்கே உதவும். இழந்தவர் ஒரு பொழுது இழப்பின் பக்கம் இருப்பார், இன்னொரு பொழுது வாழ்க்கையின் பக்கம் வருவார், மறுபடி போவார். இந்தப் போக்குவரத்துத்தான் துயரம் ஆறுகிற வழி, ஒரே பக்கத்தில் நின்றுவிடுவதுதான் வருத்தம் என்றார்கள். எங்கள் வீடுகளில் இது புதிதல்ல. படையலில் செத்தவருக்குப் பிடித்ததைத்தானே சமைக்கிறோம்? அவருக்குப் பிடித்த கறியை, உப்புப் புளி சரிபார்த்து, இலையில் வைத்து, அழுது, பிறகு எல்லோரும் இருந்து சாப்பிடுகிறோம். துக்கமும் ருசியும் ஒரே இலையில்தான் இருக்கின்றன.

அண்ணாவுக்கென்று நேரம் வையுங்கள். பின்னேரம் விளக்குக் கொளுத்தி, பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி ஒரு கதை சொல்லுங்கள். அவர் எப்படிச் செத்தார் என்பதை அல்ல, அவர் என்ன சாப்பாட்டுக்கு ஆசைப்படுவார், யாரைப் பகிடி பண்ணுவார் என்பதைச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் அண்ணாவைக் கண்டதே இல்லை. அந்தக் கதையில் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்க விடுங்கள், நீங்களும் சிரியுங்கள்.

இதைச் செய்யத் தொடங்கியதும் பிழைக்கிற இடங்கள் சில. ஞாயிறு பார்ப்போம் என்று எல்லாவற்றையும் ஒரு நாளுக்குக் குவித்தால், ஞாயிறு உடுப்புத் தோய்த்தே முடிந்துவிடும். பெரிதாகத் திட்டம் போட்டாலும் அப்படித்தான். ஆட்டோ பிடித்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வருகிற காசு அடுத்த புதனில் உதைக்கும். இரண்டு கிழமையில் தேத்தண்ணியும் பழகிப்போய் எண் இறங்கும். மனம் எதற்கும் பழகுவது இயல்பு, அப்போது இடத்தை மாற்றுங்கள், ஒரு நாள் தேத்தண்ணிக்குப் பதில் இஞ்சி தட்டிப்போட்ட கொத்தமல்லி குடியுங்கள். மாமியோ வேறு யாரோ "மனிசன் கட்டிலில கிடக்க, இவ கதிரை போட்டு இருக்கிறா" என்று சொல்லக்கூடும். முந்திக்கொண்டு நீங்களே சொல்லிவிடுங்கள்: "மாமி, 5.40க்கு ஏழு நிமிசம் நான் இருப்பன், பிறகு கூப்பிடுங்கோ." இரண்டாம் நாள் அவருக்கும் ஒரு கோப்பை, சீனி இல்லாமல், பக்கத்தில் ஒரு கதிரை.

உங்கள் களைப்பு முழுவதும் மனதால் வந்ததென்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். நடந்தால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, மாதவிலக்கு அதிகம் என்றால் குருதிச்சோகை இருக்கலாம். பிரதேச வைத்தியசாலையில் ஒரு சின்ன இரத்தப் பரிசோதனையில் தெரியும். தைரொயிட் சுரப்பு குறைந்தாலும் இப்படி மனம் சோரும்.

தாள்களில் பத்து நாளாக முன்னுக்கும் 0, பின்னுக்கும் 0 என்றே வந்தால், விடியப்புறம் மூன்று மணிக்கு விழித்து நித்திரை வராவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், நாளின் பெரும்பகுதி இரண்டு கிழமையாக இப்படியே போனால், அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரையும் சந்திக்கலாம். சாகலாம் என்ற நினைப்பு ஒரு தரம் வந்தாலும் காத்திருக்கவேண்டாம், கணவரிடம் சொல்லுங்கள், 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். உயிருக்கு ஆபத்தான நேரமென்றால் 1990, அம்புலன்ஸ் வரும். கணவருக்கும் இதே அடையாளங்கள் இருக்கிறதா என்று பாருங்கள், கட்டிலில் கிடக்கும் ஆண்கள் வாய்திறந்து சொல்லமாட்டார்கள்.

இந்தக் கிழமைக்கு இவ்வளவையும் செய்யவேண்டாம். தேத்தண்ணி, மல்லிகைக் கொப்பு, புதன்கிழமை குளக்கட்டு, இந்த மூன்று மட்டும். ஒன்றுதான் சரிவந்தது என்றால் அந்த ஒன்றையே அடுத்த கிழமையும் செய்யுங்கள். தாள்களை ஒரு றபர்பாண்டில் கட்டி, உங்கள் அடுத்த கடிதத்தில் புதன்கிழமைத் தாளின் இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, எதை மாற்றலாம் என்று எழுதுகிறேன்.